பள்ளி நிலமும் மழைப் பதிவேடும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களின் வேளாண் திட்டம் எப்படி அமைய வேண்டும்?

பாலக்கோடு வட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் சுற்றுச்சூழல் மன்றத்துக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியை ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். பள்ளிக்குப் பின்புறம் ஏறத்தாழ பத்து சென்ட் நிலம் இருக்கிறது. ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் குறைவு. பிள்ளைகளின் பெற்றோரில் பெரும்பாலோர் மானாவாரி விவசாயிகள், மற்றவர்கள் ஓசூருக்கும் பெங்களூருவுக்கும் வேலைக்குப் போய் வருகிறவர்கள். இந்த நிலையில், காலநிலைக்கு இசைந்த வேளாண்மை என்ற பெயரில் மாணவர்களைக் கொண்டு எதைச் செய்தால் அது அவர்களுக்கும் ஊருக்கும் மெய்யாகவே பயன்படும் என்பது அவருடைய கேள்வி. வேளாண் விரிவாக்கப் பணியில் இந்த இரண்டு மாவட்டங்களின் கொல்லைகளையும் கிணறுகளையும் நீண்ட காலம் பார்த்தவன் என்ற முறையில், மற்றப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பயன்படும்படி சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

அம்மா, என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாணவர்களால் ஊருக்குச் செய்ய முடிந்த மிகப் பெரிய உதவி, மழையையும் மண்ணையும் பயிரையும் அளந்து, தேதியிட்டு, ஆண்டுதோறும் விடாமல் எழுதி வைப்பதுதான். எந்த நிலத்தில் எது விளையும், எந்தக் காற்றுக்கு எந்தப் பூச்சி வரும் என்பதெல்லாம் நம் விவசாயிகளுக்குத் தெரியும். ஆனால் பத்தாண்டுகளுக்கு முன் ஆடி மாதத்தில் எத்தனை நாள் மழை பெய்தது, அந்த ஆண்டு ராகி எப்போது விதைக்கப்பட்டது, ஏக்கருக்கு எவ்வளவு கண்டது என்று கேட்டால் நினைவிலிருந்துதான் பதில் வரும். பருவம் ஒழுங்காக இருந்த காலத்தில் அந்த நினைவே போதுமானதாக இருந்தது. மழையின் நாளும் அளவும் நிலையின்றிப் போன இந்தக் காலத்தில் நினைவை மட்டும் நம்பி விதைப்பது குடும்பத்தின் ஓராண்டு வருமானத்தையே ஆபத்தில் வைப்பதாகிறது. எழுதும் பழக்கமும் கணக்குப் போடும் திறனும் அன்றாடம் ஒரே இடத்தில் கூடும் வாய்ப்பும் ஊரில் மாணவர்களுக்குத்தான் இருக்கின்றன. ஆகவே மரக்கன்று நடுவதையும் இயற்கை உரம் கலக்குவதையும் இரண்டாம் இடத்தில் வையுங்கள். அவை வேண்டாதவை என்று சொல்லவில்லை, ஆனால் அவற்றோடு திட்டம் நின்றுவிட்டால் ஜூன் மாதத்தில் நட்ட கன்று கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆளின்றிக் காய்வதைத்தான் ஆண்டுதோறும் பார்த்துக்கொண்டிருப்போம்.

திட்டத்தை வகுக்கும் முன் நம் நிலத்தின் தன்மையை மாணவர்களுக்குச் சொல்லியாக வேண்டும். 2004 பிப்ரவரி வரை ஒரே மாவட்டமாக இருந்த தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிக்கு ஆண்டு மழை ஏறத்தாழ 800 முதல் 900 மில்லிமீட்டர் வரை கிடைக்கிறது. கடலோர மாவட்டங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையையே பெரிதும் நம்பியிருக்க, நமக்குத் தென்மேற்குப் பருவக் காலத்தில் கிடைக்கும் மழையும் பெரும் பங்கு. அதனால்தான் இங்கே ஆடிப்பட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணோ பெரும்பாலும் ஆழம் குறைந்த, சரளை கலந்த செம்மண்; இலைதழையும் எருவும் மட்கி உண்டாகும் அங்ககச் சத்து குறைவாக இருப்பதால் பெய்த மழையை நெடுநாள் பிடித்து வைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. திறந்தவெளிக் கிணறுகள் வற்றி, ஆழ்துளைக் கிணறுகள் பல ஊர்களில் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டன. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டதால்தான் ஜப்பான் நாட்டின் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் கொண்டு வரப்பட்டது. நிலத்தடி நீரை உறிஞ்சிப் பயிர் செய்வதற்கு ஓர் எல்லை உண்டு என்பதைப் பாடப்புத்தகத்தின் துணையில்லாமலே இங்குள்ள ஒவ்வொரு பிள்ளையாலும் புரிந்துகொள்ள முடியும்.

அடுத்து, பள்ளி நாட்காட்டியையும் பயிர்ப் பட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பள்ளி ஜூனில் திறக்கிறது. மானாவாரி ராகி ஜூன், ஜூலையில் விதைக்கப்படுகிறது. பயிரின் வயது ஏறத்தாழ 110 முதல் 120 நாட்கள் என்பதால் அறுவடை காலாண்டுத் தேர்வுக்குப் பின், அரையாண்டுத் தேர்வுக்கு முன் வந்துவிடும். மழை தாமதித்தால் ஏறத்தாழ மூன்று மாதப் பயிரான சாமைக்கு மாறலாம். புரட்டாசி, ஐப்பசி வரை இழுத்துவிட்டால் கொள்ளு இருக்கிறது. ஆகவே முழுக் கோடையும் தண்ணீர் கேட்கும் பயிர்களை விட்டுவிட்டு ஜூன் முதல் டிசம்பர் வரை முடியும் மானாவாரிப் பயிர்களைத் தேர்ந்தெடுத்தால், பள்ளித் திட்டங்களைக் கொல்லும் கோடை விடுமுறை என்ற சிக்கல் பாதி தீர்ந்துவிடுகிறது. எட்டு, ஒன்பது, பதினொன்றாம் வகுப்புகளிலிருந்து மாணவர்களைச் சேருங்கள். பொதுத் தேர்வு வகுப்புகளிலிருந்து சேர்த்தால் கதிர் முற்றும் நேரத்தில் பிள்ளைகளைப் பெற்றோரும் விடமாட்டார்கள், தலைமையாசிரியரும் விடமாட்டார்.

முதல் ஆண்டில் வேறு எதையும் செய்ய முடியாவிட்டாலும் மழைமானியை மட்டும் வைத்துவிடுங்கள். அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள எந்தப் பாத்திரமும் மழைமானியாகும். அதில் தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் மில்லிமீட்டரில் அளந்தால் அதுவே மழையளவு. மரத்துக்கும் கட்டடத்துக்கும் அவற்றின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தொலைவு விட்டு, திறந்த இடத்தில் வைக்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை அளவெடுக்கும் காலை 8.30 மணிக்கே உங்கள் மாணவர்களும் எடுத்தால் அரசின் அளவுகளோடு ஒப்பிட முடியும். ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால் அதை மழை நாள் என்று அத்துறை கணக்கிடுகிறது. அதே வரையறையை நீங்களும் பின்பற்றுங்கள். மழை பெய்யாத நாளில் சுழியம் என்று எழுதத் தவறக் கூடாது. பதிவேட்டில் வெற்றிடம் இருந்தால் அன்று மழை இல்லையா, அளக்க மறந்துவிட்டார்களா என்பது பின்னாளில் யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைக்கும் விடுமுறைக்கும் பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் ஒரு மாணவரையோ காவலரையோ பொறுப்பாக்குங்கள். ஒகேனக்கல் பக்கமும் பாலக்கோடு பக்கமும் மழை ஒன்றாக இராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே ஊராட்சிக்குள் ஏரிக்கு இந்தப் பக்கம் கொட்டிய மழை அந்தப் பக்கம் துளிகூட விழாமல் போவதுண்டு. வட்டாரத் தலைநகரில் எடுத்த அளவு உங்கள் ஊர் விவசாயிக்குப் பயன்படாமல் போவது இதனால்தான்.

இந்த ஓர் எண்ணிலிருந்து மாணவர்கள் போடக்கூடிய கணக்குகள் ஏராளம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். பள்ளிக் கூரையின் பரப்பு 200 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 850 மில்லிமீட்டர் மழையில் அதன் மேல் விழுவது 1,70,000 லிட்டர். சிந்தியதும் ஆவியானதும் போக நூற்றுக்கு எண்பது பங்கைச் சேமித்தாலே 1,36,000 லிட்டர். உங்களுடைய பத்து சென்ட் நிலத்தில் ஒரே நாளில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 10,000 லிட்டர். இவ்வளவு நீரில் எத்தனை லிட்டர் மண்ணுக்குள் இறங்கியது, எத்தனை லிட்டர் மேல்மண்ணையும் அடித்துக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடியது என்ற கேள்வியைப் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர் தாமே கேட்கத் தொடங்கிவிட்டால், வரப்பு, பண்ணைக்குட்டை, சரிவுக்குக் குறுக்கே உழுதல் ஆகியவற்றைப் பற்றி நீங்கள் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. இருபுறமும் திறந்த தகர டப்பா ஒன்றை மண்ணில் பாதி அழுத்தி, அளந்த நீரை ஊற்றி, அது உறிஞ்சப்படும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சருகு பரப்பி மூடாக்கு இட்ட இடத்தில் ஒரு முறை, வெயிலில் காய்ந்து இறுகிய தரையில் ஒரு முறை என்று செய்தால் அங்ககச் சத்தின் பயனைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடுவார்கள்.

மண்ணாய்வு செய்முறை எளிது. விதைப்புக்கு முன், கோடையில், எரு குவித்த இடம், வரப்போரம், மர நிழல் ஆகியவற்றைத் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டு மண்ணைச் சீராகச் சுரண்டி எடுத்துக் கலந்து, நான்கு பங்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளை நீக்கிக் குறைத்து, அரைக் கிலோவாக்கி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அறிக்கையில் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அங்ககக் கரிமம்: 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் என்றால் குறைவு, 0.75 விழுக்காட்டுக்கு மேல் என்றால் நிறைவு. ஒரே ஆண்டில் இந்த எண் ஏறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில் அதே பருவத்தில் எடுத்து ஒப்பிட்டால் போதும். இடைப்பட்ட ஆண்டுகளில், ஓரடி நீள அகல ஆழமுள்ள மண்ணைத் தோண்டி அதில் உள்ள மண்புழுக்களை எண்ணச் செய்யலாம். சிறிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதில் அளவில்லாத ஆர்வம் உண்டாவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி முதன்மையான பகுதிக்கு வருகிறேன். பத்து சென்ட்டில் எதைப் பயிரிடுவது என்பதை நீங்களோ நானோ முடிவு செய்யக் கூடாது. ஊர் விவசாயிகள் முடிவு செய்ய வேண்டும். மாணவர்கள் ஒவ்வொருவரும் தம் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியவர் ஒருவரிடம் சென்று, முன்பு கொல்லையில் எதை எதோடு கலந்து விதைத்தீர்கள், எந்த மழைக்கு விதைப்பீர்கள், விதையை எப்படிச் சேமித்தீர்கள், எந்தப் பயிரை ஏன் விட்டீர்கள் என்று கேட்டு எழுதி வரட்டும். ராகிக்கு நடுவே அவரையும் துவரையும் கடுகும் ஆமணக்கும் நின்ற காலத்தைப் பல தாத்தா, பாட்டிமார் நேற்றுப் பார்த்ததைப் போலச் சொல்வார்கள். அவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு ஊரில் நான்கைந்து விவசாயிகளைப் பள்ளிக்கு அழைத்து, இந்த ஆண்டு நாங்கள் சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரே கேள்வி எது என்று கேளுங்கள். கேள்வி ஒன்றாக இருப்பது மிக முக்கியம். உரமும் ரகமும் விதைப்பு நாளும் ஒன்றாக மாறினால் விளைச்சல் கூடியதற்கும் குறைந்ததற்கும் எது காரணம் என்பதை யாராலும் சொல்ல முடியாது.

எடுத்துக்காட்டாக, தனி ராகி நல்லதா, துவரை கலந்த ராகி நல்லதா என்பது அவர்கள் தேர்ந்தெடுத்த கேள்வி என்று வைத்துக்கொள்வோம். மானாவாரிக்கு எட்டு வரிசை ராகிக்கு இரண்டு வரிசை துவரை என்பது நம் பகுதிக்குப் பரிந்துரைக்கப்படும் முறை. ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர். ஆறு மீட்டர் அகலமும் ஆறே முக்கால் மீட்டர் நீளமும் கொண்ட ஒரு பாத்தி அந்த அளவுக்குச் சரியாக வரும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் அந்த அகலத்தில் இருபது வரிசைகள், அதாவது எட்டுக்கு இரண்டு என்ற அமைப்பு இரண்டு முறை, மிச்சமின்றி அடங்கும். இப்படி ஆறு பாத்திகள் போடுங்கள். மூன்றில் தனி ராகி, மூன்றில் துவரையோடு ராகி. எந்தப் பாத்தியில் எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். ஏரியோரம் மண் நன்றாக இருக்கிறது என்று நமக்குப் பிடித்த முறையை அங்கே வைத்துவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். சீட்டு அந்த ஆசையைத் தடுத்துவிடும். விதை, விதைக்கும் நாள், தொழு உரத்தின் அளவு, களையெடுப்பு ஆகிய யாவும் ஆறு பாத்திக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். எஞ்சிய நான்கு சென்ட்டை நடைபாதைக்கும், மட்குக் குழிக்கும், பிள்ளைகள் கை கழுவும் நீரில் வளரும் முருங்கை, கீரை, பப்பாளித் தோட்டத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தோட்டத்தின் விளைச்சல் சத்துணவுக் கூடத்துக்குப் போகட்டும்.

ராகியைக் கதிர் அறுத்து, காயவைத்து, அடித்து, தூற்றிய பிறகு எடை பாருங்கள். ஈரத்தோடு எடுத்த எடையால் பயனில்லை. ஒரு சென்ட்டில் கிடைத்த கிலோவை நூறால் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் வந்துவிடும் என்பதால் எந்த விவசாயியும் அந்த எண்ணை உடனே புரிந்துகொள்வார். மாட்டுக்குப் போகும் தட்டையும் எடை போட மறக்காதீர்கள், ஏனென்றால் இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தானியத்துக்கு நிகரானது தீவனம். துவரை ராகிக்குப் பின்னும் நிலத்தில் நின்று பின்மழையையும் பனியையும் பயன்படுத்தி மார்கழி, தை வரை காய்க்கும்; அதன் ஆணிவேர் ராகியின் வேர் எட்டாத ஆழத்து ஈரத்தை எடுக்கும்; வேர்முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தை நிலைநிறுத்தும். ஆடியில் மழை பொய்த்து ராகி கருகினாலும் துவரையாவது மிஞ்சும் என்பதுதான் நம் முன்னோர் கலந்து விதைத்ததன் அடிப்படை. காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுத்தல் என்று இன்று அறிவியலாளர்கள் எழுதுவதன் பெரும்பகுதி இந்த ஏற்பாட்டுக்குள் அடங்கியிருக்கிறது. அது உங்கள் ஊர் மண்ணில் எந்த அளவுக்கு உண்மை என்பதை எண்ணாகக் காட்டும் வேலைதான் மாணவர்களுடையது. எந்த ஆண்டாவது பயிர் முழுவதும் காய்ந்து போனால் அந்த ஆண்டையும் அதே கவனத்தோடு பதிவு செய்யுங்கள். எத்தனையாவது நாளில், எத்தனை நாள் மழையில்லாமல், எந்தப் பருவத்தில் பயிர் வாடியது என்ற செய்தி நல்ல விளைச்சல் கண்ட ஆண்டின் எடையைவிடப் பயனுள்ளதாக இருக்கக்கூடும்.

விதைக்கும் ஆலோசனைக்கும் தொலைவு போக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ராகியிலும் சாமையிலும் கொள்ளிலும் பையூர் என்ற பெயரோடு வழங்கும் ரகங்கள் அங்கிருந்து வந்தவை. தருமபுரி மாவட்டத்துக்குப் பாப்பாரப்பட்டியிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இயங்குகின்றன. விளைந்த ராகிக்கு இன்று வாங்குபவர் இருக்கிறார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: 2023இல் தமிழ்நாடு அரசு தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் நியாயவிலைக் கடைகள் வழியாக அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு 2 கிலோ ராகி வழங்கும் முயற்சியைத் தொடங்கியது, அதற்கான கொள்முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடமும் நடந்தது.

பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களைப் பற்றி மாணவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். ஆறு சென்ட் ராகியால் உலக வெப்பம் குறையாது. ஆனால் வேளாண்மையில் எது எவ்வளவு வாயுவை வெளியிடுகிறது என்ற கணக்கைத் தெரிந்துகொண்ட பிள்ளை நாளை நிலத்தை நடத்தும்போது வேறு விதமாக முடிவெடுக்கும். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு, அதாவது 20.7 கிலோ தழைச்சத்து இருக்கிறது. இட்ட தழைச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக மாறுகிறது என்ற பொது மதிப்பீட்டைக் கொண்டு, அதோடு சேரும் ஆக்சிஜனின் எடையையும் கூட்டிக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. நூறாண்டுக் கணக்கில் அவ்வாயு கரியமில வாயுவைப் போல் 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் ஒரு மூட்டை யூரியா வயலிலிருந்து மட்டும் ஏறத்தாழ 90 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான பாதிப்பை உண்டாக்குகிறது. தொழிற்சாலையில் அதைத் தயாரிக்கச் செலவான எரிபொருள் இதில் சேரவில்லை. ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று கொண்டால் மணிக்கு ஏறத்தாழ மூன்று கிலோ கரியமில வாயு. விவசாய மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை என்பதால் மோட்டார் ஓடும் நேரத்தை யாரும் குறித்து வைப்பதில்லை. மாணவர்கள் தம் வீட்டு மோட்டாரின் நேரத்தை ஒரு மாதம் குறித்தாலே போதும், வீட்டில் பேச்சு தொடங்கிவிடும்.

கிருஷ்ணகிரி அணை, வாணியாறு ஆகியவற்றின் பாசனப் பகுதிகளில் உள்ள பள்ளிகளுக்கு நெல் வயல் வாய்க்கும். அங்கே காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறையைச் சோதிக்கலாம். பக்கங்களில் துளையிட்ட 30 சென்டிமீட்டர் குழாய் ஒன்றை வயலில் பாதிக்கு மேல் புதைத்து, அதற்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே அடுத்த தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும்; பூக்கும் தருணத்தில் மட்டும் வயலில் நீர் நிற்க வேண்டும். தேங்கிய நீரின் அடியில் காற்றில்லாச் சேற்றில்தான் மீத்தேன் உருவாகிறது என்பதால் வயல் இடையிடையே காயும்போது அது பெரிதும் குறைகிறது, தண்ணீரும் மிச்சமாகிறது. அரூர், பாலக்கோடு பகுதிகளில் கரும்பு அறுத்த பின் அதன் காய்ந்த இலையான சோகைக்குத் தீ வைக்கும் வழக்கம் இன்னும் உண்டு. எரித்த வயலிலும் சோகையைப் பரப்பி மூடாக்காக விட்ட வயலிலும் மண் ஈரத்தை ஒப்பிடுவது ஒரு நல்ல ஆய்வு.

நிலமே இல்லாத பள்ளிகள் மனம் தளர வேண்டாம். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரைப் பக்கத்து மாணவர்களுக்கு மாமரம் இருக்கிறது. குறிப்பிட்ட பத்து மரங்களுக்கு எண் எழுதி, வாரம் ஒருமுறை துளிர், பூ, பிஞ்சு, காய் என்று குறித்து வந்தால் பூக்கும் காலம் ஆண்டுக்காண்டு எப்படி நகர்கிறது என்பது பதிவாகும். பூக்கும் தையில் எதிர்பாராமல் மழை பெய்து சாம்பல் நோயும் தத்துப்பூச்சியும் பெருகிய ஆண்டுகளைப் பற்றி எந்த மாந்தோப்புக்காரரும் வருத்தத்தோடு பேசுவார், ஆனால் தேதியோடு எழுதி வைத்தவர் அரிது. இதே வகையில் மரங்களை வாரந்தோறும் கவனித்துப் பதிவு செய்ய நாடெங்கும் பள்ளி மாணவர்களைச் சேர்க்கும் 'சீசன்வாட்ச்' என்ற மக்கள் அறிவியல் முயற்சி இருக்கிறது. புளி, வேம்பு, மா ஆகியவற்றுக்கு உங்கள் பதிவுகளை அங்கே அனுப்பலாம். பாலக்கோடு, ராயக்கோட்டைச் சந்தைகளுக்கு அருகில் உள்ளவர்கள் தக்காளிப் பெட்டியின் விலையையும் அன்றைய வெப்பநிலையையும் மழையையும் ஒரே பக்கத்தில் எழுதி வரலாம். பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் தக்காளிப் பூ உதிரும். பூ உதிர்ந்த சில வாரங்கள் கழித்து விலை ஏறுவதை வரைபடத்தில் கண்டுபிடிக்கும் மாணவருக்குப் பொருளியலும் தாவரவியலும் ஒரே நாளில் விளங்கும்.

கல்லூரி மாணவர்களின் பங்கு வேறு. வேளாண் கல்லூரிகளின் இறுதியாண்டு மாணவர்கள் ஊரகப் பணி அனுபவத்துக்காகக் கிராமங்களில் தங்குகிறார்கள்; அவர்களைப் பள்ளி வயலுக்கு அழைத்து வந்தால் அளவெடுப்பில் உள்ள பிழைகளைத் திருத்துவார்கள். கலை அறிவியல் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் ஏழு நாள் சாலையோரம் சுத்தம் செய்வதற்குப் பதிலாக, ஓர் ஊராட்சியின் கிணறுகள் அனைத்திலும் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து வரைபடம் தயாரிக்கலாம். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மீண்டும் செய்தால் அதன் மதிப்பு பல மடங்காகும். புள்ளியியல் படிப்பவர்கள் ஐந்து பள்ளிகளின் பதிவேடுகளை ஒன்று சேர்த்து ஆராயட்டும். ஒரு முறையாவது மாணவர்களைத் தருமபுரி மாவட்டத்தின் சிட்லிங்கிப் பள்ளத்தாக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். 1993இல் மருத்துவர்கள் ரெஜியும் லலிதாவும் பழங்குடி மக்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பணி காலப்போக்கில் அங்கே இயற்கை விவசாயிகள் சங்கம் உருவாகத் துணை நின்றது. சிறுதானியத்தை விளைவித்து, தாங்களே பக்குவப்படுத்தி, கூட்டாக விற்கும் அந்த விவசாயிகளிடம் சான்றிதழுக்காக அவர்கள் எழுதி வைக்க வேண்டிய பண்ணைப் பதிவேட்டைக் காட்டும்படி கேளுங்கள். எழுதுவது விவசாயத்தின் ஒரு பகுதி என்று நீங்கள் ஓராண்டு சொல்வதைவிட அந்தக் காட்சி ஆழமாகப் பதியும்.

சில எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல வேண்டும். மாணவர்களைக் கூலியில்லா வேலையாட்களாக நடத்தும் எண்ணம் எங்கும் தலைகாட்டக் கூடாது. "மண்வெட்டி பிடிக்கவா பிள்ளையைப் படிக்க அனுப்பினோம்" என்று கேட்கும் பெற்றோரின் கேள்விக்குப் பின்னால் தலைமுறைகளாகப் பிறர் நிலத்தில் உழைத்த வலி இருக்கிறது, அதை மதியுங்கள். உழவு, ஆழமான குழி வெட்டல் போன்ற கடும் வேலைக்கு ஊராட்சியின் உதவியையோ கூலியாட்களையோ பெற்றுக்கொண்டு, அளத்தல், எண்ணுதல், விதைத்தல், கதிர் அறுத்தல் ஆகியவற்றை மட்டும் மாணவர்களிடம் விடுங்கள். எந்த வேலையும் சாதியைப் பார்த்தோ ஆண் பெண் பார்த்தோ பிரிக்கப்படவில்லை என்பதை நீங்களே முன்னின்று உறுதி செய்ய வேண்டும். தண்ணீர் சுமப்பது பெண் பிள்ளைகளுக்கும் அளவுகோல் பிடிப்பது ஆண் பிள்ளைகளுக்கும் என்று தானாகவே பிரிந்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பூச்சிக்கொல்லிப் புட்டியை எந்த மாணவரும் தொடக் கூடாது, காலியான புட்டியையும் கூடத்தான். வயலில் இறங்கும்போது கணுக்கால் மூடிய காலணி கட்டாயம். பாம்புக்கடிக்கு மருந்துள்ள அருகிலுள்ள அரசு மருத்துவமனை எது என்பதைச் சுவரில் எழுதி வையுங்கள். தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்துப் பள்ளிகள் ராகி முற்றும் மாதங்களில் மாலைக்குப் பின் எவரையும் வயலுக்கு அனுப்பக் கூடாது. கர்நாடகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் வருவதும் அந்த நேரத்தில்தான்.

நிதி பெரிய தடையில்லை. மழைமானிக்கும் அளவு நாடாவுக்கும் தராசுக்கும் பதிவேட்டுக்கும் சுற்றுச்சூழல் மன்றத்தின் ஒதுக்கீடே போதும். பசுந்தாள் விதை, மண்ணாய்வு ஆகியவற்றுக்கு வட்டார வேளாண் விரிவாக்க மையத்தை அணுகுங்கள். பெரிய தடை ஆசிரியர் மாறுதல்தான். ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் மாறிப்போனதும் நின்றுபோன முயற்சிகள் இந்த மாவட்டங்களில் ஏராளம். அதனால் பதிவேட்டை இரண்டு படிகளாக எழுதச் செய்து ஒன்றைப் பள்ளியிலும் மற்றொன்றை ஊராட்சி அலுவலகத்திலும் வையுங்கள். ஒவ்வொரு ஒன்பதாம் வகுப்புக் குழுவும் அடுத்து வரும் எட்டாம் வகுப்புக் குழுவுக்கு ஜனவரியில் அளவெடுக்கும் முறையைக் கற்றுக்கொடுத்து ஒப்படைக்கட்டும். விவசாயிகள் இருவரைத் திட்டக் குழுவில் நிலையான உறுப்பினர்களாக்குங்கள். ஆசிரியர் மாறினாலும் கேட்பதற்கு ஊரில் ஆள் இருக்கும்.

கிடைத்த முடிவுகளைப் பள்ளி ஆண்டுவிழாவில் அட்டைகளாக ஒட்டுவதோடு விட்டுவிடாதீர்கள். ராகி அறுவடையும் எடைபோடுதலும் டிசம்பரில் முடிந்துவிடுவதால், ஜனவரி 26 கிராம சபைக் கூட்டத்தில் மாணவர்களே அவற்றைப் படிக்க வாய்ப்புக் கேளுங்கள்: ஜூன் முதல் டிசம்பர் வரை மாதவாரியாக மழை, மழை நாட்கள், மிக நீண்ட மழையில்லா இடைவெளி, ஆறு பாத்திகளின் எடை, அதுவரை பறித்த துவரை, செலவு. அந்தக் கூட்டத்திலேயே அடுத்த ஆண்டுக்கான கேள்வியை விவசாயிகளிடம் கேட்டு வாங்குங்கள். மே 1 கிராம சபைக்குள் மண் மாதிரியும் விதையும் தயாராகிவிட்டால் ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே பாத்தி போடத் தொடங்கலாம். அதுவரை மழைமானியைக் கோடையிலும் எடுத்து வைத்துவிடாதீர்கள். சித்திரையில் பெய்யும் கோடை மழையும் அந்தப் பதிவேட்டில் இருக்க வேண்டும்.